அமுலுவோடு எல்லை தாண்டியது

1

"…அப்போ நான் எல்லை தாண்டி வந்தேனே, அப்பவே அதுவும் எனக்குள்ள குந்திக்கினு வந்துட்டுதா, அண்ணா?"

கேட்டவள் என் தங்கச்சி அமுலு. திருப்பதியில் ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் தன் டிபன் கடையில் நின்றுகொண்டு, போன் திரையில் முகமெல்லாம் கண்ணாகக் கேட்டாள். இங்கே கனடாவில், வின்னிபெக் நகரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை. சோபாவில் என் பக்கத்தில் என் மகள் பூர்ணிமா. அவள் வயிற்றுக்குள், வலது இடுப்பெலும்பை ஒட்டி, அமுலுவின் கிட்னி ஒன்று கிட்டத்தட்ட ஒரு வருஷமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. கேள்வி அந்தக் கிட்னியைப் பற்றியது.

எனக்குப் பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போய்வர வேண்டும். பயத்தில் இருக்கிறவன் எழுதுகிறேன், சுற்றி வளைத்துத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். அமுலு திருப்பதியில் வாக்கப்பட்டாள். நான் இங்கே வந்து நகரப் பஸ் ஓட்டுகிறேன். பெரிய படிப்பு கிடையாது. நூலகத்தில் எடுத்து வந்ததும் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் சொல்லக் கேட்டதும்தான் என் படிப்பு. ஜனங்கள் சொல்வதை மறக்கமாட்டேன், அது ஒன்றுதான் என்னிடம் இருக்கும் திறமை.

பூர்ணிமா இங்கேயே பிறந்தவள். பிறக்கும்போதே அவள் கிட்னிகள் சிறுத்துப் பிறந்தன. கல்லூரி முடிக்கிற சமயத்தில் இரண்டும் நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டன. எனக்குச் சர்க்கரை, அதனால் என்னுடையது வேண்டாம் என்றார்கள். என் மனைவி கிரிஜாவின் ரத்தம் பொருந்தவில்லை. விஷயம் கேள்விப்பட்ட அமுலு போனில் சொன்னாள்: "எனக்கு ரெண்டு கீது. ஒண்ணு சும்மாதானே குந்திக்கினு கீது? எடுத்துக்கினு போ." பக்கத்துக் கடைக்காரன் கரண்டி கடன் கேட்டால் எடுத்துக்கொடுப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். நான் பஸ் டிப்போவின் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கொடுக்க அவள் தயார். ஆனால் அவள் என் தங்கச்சிதான் என்று யார் சொல்வது? அவள் காகிதங்களில் புருஷன் வீட்டு இன்டிப்பேர், அதாவது குடும்பப் பெயர், முன்னால் நிற்கிறது. என் காகிதங்களில் நைனா பெயர் பின்னால் நிற்கிறது. "கூடப் பிறந்தவர்கள் என்கிறீர்கள், பொதுவாக ஒரு பெயர்கூட இல்லையே?" என்று விசா கொடுக்கும் இடத்தில் கேட்டார்கள். அமுலு சித்தூருக்கும் புத்தூருக்குமாக அலைந்தாள். ஒவ்வொரு மேஜையிலும் "ரேப்பு ரா அம்மா" என்றார்களாம். அந்த ஆபீஸர்கள் மூக்கைச் சொறிந்துகொண்டு நாளைக்கு வா என்று சொல்வதை அவள் நடித்துக் காட்டினால் சிரித்தே வயிறு வலிக்கும். கடைசியில் இரண்டு பக்கமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். காகிதத்தின்மேல் வராத நம்பிக்கை ரத்தத்தின்மேல் வந்தது.

டிக்கெட் வந்தபோது இன்னொரு சிக்கல். அது ஊர்த் தெய்வம் கங்கம்மாவுக்கு ஜாத்ரை, அதாவது திருவிழா, நடக்கும் வாரம்.

திருப்பதியில் ஜாத்ரை தொடங்குவதற்கு முன்னால் சாட்டிம்பு போடுவார்கள். தப்பு என்கிற பறையை அடித்து ஊர் முழுக்க அறிவிப்பது. அது போட்டபோது எல்லைக்குள் இருந்தவர்கள், ஜாத்ரை முடிகிறவரை வெளியே போய் ராத்தங்கக் கூடாது. கங்கம்மா ஊரைச் சுற்றிக் காவல் போடுகிறாள், அந்தக் காவலுக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அம்மை, காலரா என்று ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்த காலத்தில் இருந்து வரும் வழக்கம். அமுலு வாக்கப்பட்ட நாளிலிருந்து அதை மீறினதில்லை. விமானமோ சாட்டிம்புக்கு மறுநாள்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? சாட்டிம்புக்கு முதல்நாளே பையைத் தூக்கிக்கொண்டு புத்தூரில் எங்கள் சித்தப்பா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். வின்னிபெக் விமான நிலையத்தில் இறங்கியதும் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "தப்புச் சத்தம் என் காதுல விழல அண்ணா. அதனால கட்டு என்மேல இல்ல." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

2

மாற்றுக் கிட்னி வைத்த நாளை இங்கே இன்னொரு பிறந்தநாளாகவே கொண்டாடுகிறார்கள். பூர்ணிமாவுக்கு முதல் வருஷம் நிறையும்வரைகூடப் பொறுக்கவில்லை, போன மாசம் பத்து மாசம் நிறைந்ததற்கே கொண்டாட்டம். அவளோடு குடியிருக்கும் தோழிகள் கிட்னி மாதிரியே அவரைவிதை வடிவத்தில் கேக் செய்திருந்தார்கள். அமுலுவும் போனில் கைதட்டினாள். "நம்ம ஆளு எப்டி கீறான்?" என்றாள். கிட்னிக்கு அவள் வைத்த பெயர் அது.

அந்த வாரம் வழக்கம்போல ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். ரத்தத்தில் ஒரு வைரஸ் தெரிகிறதாம். சைட்டோமெகலோ என்று நீளமான பெயர். சுருக்கமாக சி.எம்.வி. மறுவாரம் பார்த்தால் அது ஏறியிருந்தது. கிட்னியின் வேலையும் லேசாகக் குறைந்திருந்தது.

"எங்கே பிடித்தது? நான் பஸ்ஸில் இருந்து கொண்டுவந்தேனா?" என்று நான் அவளைக் கவனிக்கும் டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"இல்லை. இது கிட்னியோடு வந்தது" என்றாள்.

நம்ம ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இது சின்ன வயதிலேயே வந்துவிடுமாம். ஒரு சளி, ஒரு காய்ச்சல், அவ்வளவுதான் தெரியும். அப்புறம் அது போய்விடுவதில்லை. உடம்புக்குள்ளேயே ஓர் ஓரமாகப் படுத்துக்கொள்கிறது, ஆயுசுக்கும். என்னிடமும் இருக்கிறது, கிரிஜாவிடமும் இருக்கிறது. எங்கள் உடம்புக்கு அதைத் தெரியும், எழுந்தால் ஒரு தட்டுத் தட்டி உட்காரவைக்கும். எப்படியோ பூர்ணிமாவுக்கு மட்டும் அது வராமலே போயிருக்கிறது. அவள் உடம்பு அதன் முகத்தையே பார்த்ததில்லை. போதாததற்கு, புதுக் கிட்னியை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, காவலைத் தூங்கவைக்கும் மாத்திரைகள். முதல் ஆறு மாசம் வைரஸுக்கு என்று தனி மாத்திரை கொடுத்தார்கள். அது நின்றது. இது எழுந்தது.

"எது எழுப்புகிறது?" என்று பூர்ணிமா கேட்டாள். கேள்வி கேட்கும்போது அவள் குரலில் நடுக்கமே இல்லை.

டாக்டரம்மா பேனாவை எடுத்து, பரிசோதனைக் கட்டிலின்மேல் விரித்திருந்த வெள்ளைக் காகிதத்தில் ஒரு நீளக் கோடு போட்டாள். அதுதான் வைரஸின் டி.என்.ஏ. கோட்டில் ஓரிடத்தைக் காட்டி, "இது எழுந்ததும் முதலில் படிக்கப்படும் ஜீன். இதைப் படித்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வரும். இந்த ஜீனுக்கு முன்னால் ஒரு துண்டு இருக்கிறது, அதுதான் சுவிட்ச். புரோமோட்டர் என்போம்" என்றாள். அந்தத் துண்டின்மேல் முக்கோணம் போட்டாள். பக்கத்தில் ஒரு வட்டம். மறுபடி முக்கோணம். மறுபடி வட்டம். போட்டுக்கொண்டே போனாள்.

"இவை உட்காரும் இடங்கள். நம் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் வந்து இங்கே உட்காரும். முக்கோணத்தில் ஒரு வகை, வட்டத்தில் வேறு வகை. உட்கார்ந்தால் ஜீன் படிக்கப்படும். நிறைய இடத்தில் உட்கார்ந்தால் வேகமாகப் படிக்கப்படும்."

"ஒரே இடத்தை ஏன் இத்தனை தடவை போட்டிருக்கிறது?" என்றேன்.

"அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். ஒன்று கெட்டால் இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் ஒரு முக்கோணத்தை அழித்துப் பார்த்தால் வைரஸ் கண்டுகொள்வதில்லை. மிச்சம் இருப்பவை அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. கூட்டமாக அழித்தால்தான் தள்ளாடுகிறது."

"அந்த முக்கோணத்துப் புரதம் எப்போது வரும்?" இது பூர்ணிமா.

டாக்டரம்மா பேனா நுனியை ஒரு முக்கோணத்தின்மேல் வைத்தாள். "உடம்புக்கு ஆபத்து என்றால் வரும். காயம், காய்ச்சல், புதுக் கிட்னியோடு உடம்பு சண்டை போடுவது. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பும் புரதம் அது."

நான் பயந்துபோனது அந்த இடத்தில்தான். யோசித்துப் பாருங்கள். வீட்டில் திருடன் என்று நாம் போடும் கூச்சலையே, எழுந்திரு என்று தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறது அது.

அந்தச் சுவிட்ச் அவ்வளவு பலமானதாம், ஆய்வுக்கூடங்களில் அதை வெட்டி எடுத்து, வேறு ஜீன்களுக்கு முன்னால் ஒட்டி உரக்கப் பேசவைக்கிறார்களாம். சில தடுப்பூசிகளில்கூட உபயோகித்திருக்கிறார்களாம். "அப்போ பிரபலமான ஆள்தான்" என்றாள் பூர்ணிமா. டாக்டரம்மா சிரித்தாள். என்னால் முடியவில்லை.

"சுவிட்சை அணைக்கிற மருந்து இல்லையா?"

"கையில் இல்லை. நாம் கொடுக்கும் மாத்திரை அது தன்னைப் பிரதி எடுப்பதைத் தடுக்கும். சுவிட்சைத் தொடாது. நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மாத்திரைக்கு மசியாத வைரஸாக மாறலாம். அப்படி ஆனால்…" டாக்டரம்மா பேனாவை மூடினாள். "கிட்னியை இழக்க நேரலாம்."

பூர்ணிமா அந்தக் காகிதத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். இப்போது அது அவள் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது, பீட்சா கடை விளம்பரத்துக்குப் பக்கத்தில்.

3

பஸ் ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் ஒரு தடித்த குரல் பெண்மணி. முதல்நாளே பஸ்ஸுக்கு அடியில் எங்களைக் குனியவைத்து, பிரேக்குக்குக் காற்று போகும் குழாய்களைக் காட்டினாள். இரண்டு தனித்தனி வழி. "ஒன்று வெடித்தாலும் மற்றது பிடிக்கும். இதைக் கண்டுபிடித்தவன் யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்தால் கட்டிக்கொண்டிருப்பேன்" என்றாள்.

ஒரு குளிர்காலத்தில், பாலத்து இறக்கத்தில், காற்றழுத்தம் காட்டும் முட்களில் ஒன்று படபடவென்று கீழே இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது. பஸ் நிறைய ஜனம். முன் இருக்கையில் ஒரு தாய், மடியில் குழந்தை. காலை அழுத்தினேன். வண்டி முனகிக்கொண்டு நின்றது. இன்னொரு வழி பிடித்துவிட்டது. இறங்கி, பனியில் நின்றுகொண்டு சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பயணிகள் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள்.

அப்படிக் கும்பிட்ட ஏற்பாடு, இப்போது என் மகளுக்குள் எதிரி கையில் இருக்கிறது. ஒரு முக்கோணம் போனால் இன்னொரு முக்கோணம். முக்கோணம் எல்லாம் போனாலும் வட்டம். வண்டி ஓட்டும்போது இது நினைவுக்கு வந்தால், என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. "என்ன தம்பி, பூனையா?" என்று கேட்கிறார்கள் பின்னால் இருந்து.

என் பயம் வேறு எப்படியெல்லாம் இருக்கிறது என்று சொல்கிறேன். பூர்ணிமா கொட்டாவி விட்டால் பயம். சாப்பாட்டில் பாதி வைத்தால் பயம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தால், பச்சை விழுந்தும் வண்டியை எடுக்க மறந்துவிடுகிறேன். யாராவது இருமிக்கொண்டு ஏறினால், அந்த இருமலை அவளிடம் சுமந்துபோவேனோ என்று அன்றைக்கு அவளைப் பார்க்கவே போவதில்லை.

பார்க்கப் போவதில்லை என்றேனே, அவள் எங்களோடு இல்லை. ஆற்றுக்கு அந்தப்புறம் தோழிகளோடு தனியாக இருக்கிறாள். "வீட்டுக்கு வந்துடு" என்று கிரிஜா கெஞ்சிப் பார்த்தாள். "இது என் உடம்பு. நான் பாத்துக்குவேன், நைனா" என்றாள் என்னிடம். அவளுடைய தமிழ் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே வருகிறது. ஆனால் அப்பா என்றோ டாடி என்றோ கூப்பிடமாட்டாள். புத்தூர்ச் சொல்லில் அவளிடம் முழுசாக மிஞ்சியது அந்த நைனா ஒன்றுதான். அதைச் சொல்லியே என்னை வாயடைக்கிறாள்.

மாத்திரை நேரத்துக்கு அவள் போனில் அலாரம் வைத்திருக்கிறாள். என் போனிலும் வைத்தேன். கிரிஜா தன் போனில் வைத்தாள். எங்களுக்குத் தெரியாமல் அவள் தோழி ஒருத்தியும் வைத்திருந்தாள். ஒருநாள் பூர்ணிமா வெடித்தாள்.

"ஒரு மாத்திரைக்கு நாலு போன் அடிக்குது, நைனா. நான் குழந்தையா?"

"உன் ஃபிரிட்ஜுல ஒட்டியிருக்கே, அதுல அதுக்கு எத்தனை முக்கோணம் இருக்குன்னு பாத்தியா? நம்ம பக்கம் நாலு போன்கூட இருக்கக்கூடாதா?"

அடுத்த தடவை நான் கூப்பிட்டபோது, "போட்டாச்சு" என்று மட்டும் சொல்லி வைத்தாள். திட்டவில்லை.

4

மிச்சம் இருந்தது அமுலுவிடம் சொல்வது.

வைரஸ் விஷயத்தை ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளிடம் சொல்லத்தான் செய்தார்கள். சொந்தக்காரன் மொழிபெயர்க்கக் கூடாது என்று என்னை வெளியே நிறுத்திவிட்டு, போனில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவை வைத்துப் பேசினார்கள். அமுலு எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தாள். "அந்தம்மா தமிழ் எம்மாம் அழகா கீது அண்ணா, பாட்டு மாதிரி. இன்னா சொன்னாங்கன்னுதான் தெரியல. குடுக்கறதுன்னு வந்துட்டேன், இன்னா சொன்னா எனக்கு இன்னா?"

இப்போது சொல்ல வேண்டாம் என்றாள் கிரிஜா. "கேட்டா ஒடைஞ்சுபோவா. இல்லன்னா மிச்சம் இருக்கிற ஒண்ணையும் எடுத்துக்கோன்னு கெளம்பி வருவா." நானும் சரி என்றுதான் இருந்தேன். அமுலு கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கூடவே வந்த விஷத்தையும் அவள் கணக்கில் எழுத எனக்கு வாய் வராது.

பூர்ணிமா ஒத்துக்கொள்ளவில்லை. "அத்தை வாரா வாரம் கேக்கறாங்க. நான் நல்லா இருக்கேன்னு பொய் சொல்றேன். அவங்க உடம்புல இருந்ததை அவங்ககிட்ட மறைக்கறது அசிங்கமா இருக்கு நைனா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து சோபாவில் உட்கார்ந்து, அவளே போனைப் போட்டாள். மறுபடி ஜாத்ரை வாரம். சாட்டிம்பு போட்டாகிவிட்டது, அமுலு இந்த வருஷம் எல்லைக்குள் இருந்தாள். கடைக்கு வெளியே தப்புச் சத்தம். உடம்பெல்லாம் குங்குமம் பூசி, வேப்பிலை கட்டிக்கொண்டு வேஷக்காரர்கள் சந்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ஜாத்ரையில் இது ஒரு வழக்கம். வேஷம் போட்டவன் எதிரில் வருகிறவனையெல்லாம் காது கூசத் திட்டுவான், கங்கம்மாவையும் சேர்த்து. அவளே கோபிக்கமாட்டாள். அந்தத் திட்டைக் கேட்டு ஊரைப் பிடித்த நோய் வெட்கப்பட்டு ஓடிவிடும் என்பார்கள். அமுலுவின் புருஷன், என் மச்சான், வருஷா வருஷம் வேஷம் போடுகிறவர். அமுலுவோ வேஷம் வருகிறது என்றாலே முந்தானையைச் சுருட்டி இரண்டு காதிலும் வைத்துக்கொள்வாள். அவள் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கும் காதைப் பொத்திக்கொண்டுதான் போனை எடுத்தாள்.

"துன்னியா, பாப்பா? நம்ம ஆளு எப்டி கீறான்?"

"அத்தை, நம்ம ஆளு சரியா இல்ல" என்றாள் பூர்ணிமா.

அமுலு முந்தானையை இறக்கினாள்.

பூர்ணிமா தன்னிடம் இருந்த தமிழையெல்லாம் வழித்துச் சேர்த்துச் சொன்னாள். ஒரு வைரஸ். அத்தையிடம் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் எழுந்துவிட்டது. மாத்திரை சாப்பிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மறுபடி ரத்தம் எடுப்பார்கள், அதில் குறைந்திருந்தால் நம்ம ஆளு தப்பிப்பான். குறையாவிட்டால் தெரியவில்லை.

இட்லிப் பானையில் ஆவி அடித்துக்கொண்டிருந்தது. அமுலு என்னைப் பார்த்தாள், பூர்ணிமாவை இல்லை.

"சாட்டிம்பு காதுல விழாம தப்பிச்சிட்டேன்னு நெனச்சேனே. அப்போ நான் எல்லை தாண்டி வந்தேனே, அப்பவே அதுவும் எனக்குள்ள குந்திக்கினு வந்துட்டுதா, அண்ணா?"

இப்போது புரிகிறதா, எனக்கு ஏன் வாய் திறக்கவில்லை என்று?

"ஆமா அத்தை" என்றாள் பூர்ணிமா. "ஆனா உங்க தப்பு இல்ல. எல்லார்கிட்டயும் இருக்கு. நைனாகிட்டயும் இருக்கு."

"என்கிட்ட எப்பலேர்ந்து?"

"சின்னப் பிள்ளையில இருந்து இருக்கலாம், அத்தை."

"அம்மாம் வருஷமா என் சோத்தைத் துன்னுக்கினு கெடந்துச்சா?"

"ம்."

"என்கிட்ட வாலைச் சுருட்டிக்கினு கெடந்துட்டு, கொழந்தகிட்ட போய் ஆடுதா?"

பூர்ணிமா தலையை மட்டும் ஆட்டினாள். அழப்போகிறாள் அமுலு, கடையிலேயே உட்கார்ந்துவிடப் போகிறாள் என்று நான் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அமுலு அடுப்பைத் தணித்தாள். கரண்டியைப் பக்கத்தில் நின்ற மச்சான் கையில் கொடுத்தாள். "எங்க வெச்சாங்க? காட்டு, பாப்பா" என்றாள். பூர்ணிமா ஸ்வெட்டரைக் கொஞ்சம் தூக்கி, போனைத் தன் வலது இடுப்புக்குக் கொண்டுபோய்த் தழும்புக்கு நேராகப் பிடித்தாள். வெளியே தப்புச் சத்தம் நெருங்கியது. அமுலு முந்தானையை எடுத்தாள். காதுக்குக் கொண்டுபோகவில்லை, இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். திரைக்கு மூக்கு முட்டும்வரை கிட்டே வந்தாள்.

வைரஸுக்கு அம்மா உண்டா என்று டாக்டரம்மா எங்களுக்குச் சொல்லவில்லை. என் தங்கச்சி தன் திட்டை அங்கிருந்துதான் ஆரம்பித்தாள்.